பல்லி ஏன் இரண்டு முட்டையோடு நிறுத்திக்கொள்கிறது?

மின்மினி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பத்து நாளாக மண்டையைக் குடையும் ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன்.

இரவில் என் அறை ஜன்னலின் வெளிப்பக்கம் ஒரு பல்லி வந்து ஒட்டிக்கொள்ளும். உள்ளே விளக்கு எரிவதால் கண்ணாடியில் அப்பிய அதன் வயிறு நன்றாகத் தெரியும். தோலுக்கு அடியில் இரண்டு வெள்ளை முட்டைகள், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. ஓரிரு வாரத்தில் வயிறு ஒட்டிப்போகும், கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். வேறு பல்லிகளையும் கவனித்தேன். எல்லாவற்றுக்கும் இரண்டுதான்.

அதிக வாரிசுகளை விட்டுச்செல்லும் உயிர்களின் மரபணுக்கள்தான் அடுத்த தலைமுறையில் பெருகும் என்று படித்திருக்கிறோம். அப்படியானால் மூன்று முட்டை இடும் பல்லி எப்போதோ வந்து, இரண்டு இடுவதை ஓரங்கட்டியிருக்க வேண்டாமா? ஒரு மீன் லட்சக்கணக்கில் முட்டை இடுகிறது, யானை ஒரே ஒரு கன்று போடுகிறது. இந்தக் கணக்கை யார் எங்கே நிறுத்துகிறார்கள்?

பரிதி எழுதியது:

எனக்குத் தெரிந்தவரை காரணம் எளிது. எல்லாம் வரம்பில்லாமல் பெருகினால் உணவு தீர்ந்து அந்த இனமே அழிந்துவிடும். அதனால் ஒவ்வொரு இனமும் தன் எண்ணிக்கையைத் தானே அளவோடு வைத்துக்கொள்கிறது. டார்வினே யானையை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார். மிக மெதுவாகப் பெருகும் விலங்கு அதுதான் என்று அவர் கருதினார். அப்படியும் ஒரே ஒரு ஜோடியில் தொடங்கினால் 740, 750 ஆண்டுகளில் ஏறத்தாழ 1.9 கோடி யானைகள் உயிரோடு இருக்கும் என்றார். இயற்கை இதற்குக் கட்டுப்பாடு வைக்காமல் இருக்குமா?

உயிரியல் வாத்தியார் எழுதியது:

பரிதி, கணக்கு சரி. ஆனால் அதிலிருந்து நீங்கள் போகும் முடிவு சரியில்லை. இதை இருபது வருடம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான். ஒவ்வொரு வருடமும் மாணவர்கள் இதே இடத்தில்தான் தடுக்கி விழுவார்கள். அவர்கள்மேல் தப்பே இல்லை. வின்-எட்வர்ட்ஸ் என்ற பெரிய விலங்கியலாளர் 1962இல் ஒரு தடித்த புத்தகமே இப்படி எழுதினார். விலங்குகள் கூட்டத்தின் நன்மைக்காகத் தம் இனப்பெருக்கத்தைக் குறைத்துக்கொள்கின்றன என்பது அவர் வாதம்.

இது ஏன் நிற்காது என்று பாருங்கள். கூட்டத்தின் நன்மைக்காக இரண்டு முட்டையோடு நிறுத்தும் பறவைகள் நிறைய இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றின் நடுவே கூட்டத்தைப் பற்றி அக்கறையே இல்லாமல் மூன்று இட்டு மூன்றையும் வளர்த்துவிடும் ஒரு பறவை பிறக்கிறது. அடுத்த தலைமுறையில் யாருடைய பிள்ளைகள் அதிகம்? அதற்கடுத்த தலைமுறையில்? அடக்கமாக இருந்தவற்றின் வம்சம் சுருங்கிக்கொண்டே போகும். இனம் முழுவதற்கும் நல்லது என்பதற்காக ஒரு குணம் இயற்கைத் தேர்வில் நிலைப்பது மிகக் கடினம்.

அப்படியானால் குறைவாக இடுவது அந்தத் தாய்க்கே லாபமாக இருக்க வேண்டும். இதைத் தெளிவாகச் சொன்னவர் டேவிட் லாக் என்ற பறவை ஆய்வாளர். 1947இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்: எத்தனை முட்டை இட முடியும் என்பது கேள்வியே இல்லை, எத்தனை குஞ்சுகளை வளர்த்துப் பறக்கவிட முடியும் என்பதே கேள்வி. உணவு ஊட்ட முடியாத அளவுக்கு இட்டால் குஞ்சுகள் எல்லாம் மெலிந்து, கடைசியில் தேறுவது குறைந்துபோகும்.

அவர் எடுத்துக்கொண்ட பறவைகளில் ஒன்று உழவாரன். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் கோபுரத்தில் அவை கூடு கட்டும். 1948இல் தொடங்கிய அந்த ஆய்வு பல பத்தாண்டுகள் நீண்டது. பறந்தபடியே பூச்சி பிடித்து, தொண்டையில் உருண்டையாகச் சேர்த்துக் கொண்டுவரும் பறவை இது. ஒரு உருண்டையில் நூற்றுக்கணக்கான பூச்சிகள் இருக்கும். வழக்கமாக இரண்டோ மூன்றோ முட்டைதான் இடும். பின்னர் கிறிஸ்டோஃபர் பெரின்ஸ் சில கூடுகளில் ஒரு குஞ்சைக் கூடுதலாக வைத்து நான்காக்கிப் பார்த்தார். நான்கு குஞ்சு இருந்த கூட்டிலிருந்து பறந்துபோனவை, மூன்று குஞ்சு இருந்த கூட்டைவிடக் குறைவு. ஆக, கூட்டத்துக்காக எந்தத் தியாகமும் இங்கே நடக்கவில்லை. நான்காவது முட்டை அந்தத் தாய்க்கே நஷ்டம்.

கடலோடி எழுதியது:

வாத்தியார் சொன்னது ஊட்டி வளர்க்கும் உயிர்களுக்குப் பொருந்தும். ஊட்டாதவற்றை என்ன செய்வது? மீன் பக்கத்திலிருந்து நான் கொஞ்சம் சொல்கிறேன்.

பெரிய காட் மீன் ஒன்று ஒரு பருவத்தில் பல லட்சம் முட்டைகள் இடும். கடலில் திரியும் சூரியமீன் ஒன்றின் வயிற்றில் 30 கோடி முட்டைகள் இருக்கலாம் என்று ஒரு பழைய மதிப்பீடு உண்டு. இந்த எண்களைப் பார்த்து வாயைப் பிளக்கும் முன் இன்னொரு கணக்கைப் போட வேண்டும். கடலில் அந்த மீனின் எண்ணிக்கை ஏறாமல் இறங்காமல் நிற்கிறது என்றால், ஒரு தாய் தன் ஆயுள் முழுக்க இட்ட முட்டைகளில் சராசரியாக இரண்டுதான் வளர்ந்து இனம் பெருக்குகின்றன. யானைக்கும் அதே இரண்டு, உங்கள் ஜன்னல் பல்லிக்கும் அதே இரண்டு. எல்லோரும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள், வழிதான் வேறு.

தாயிடம் இருக்கும் சத்து ஒரு அளவுதான். அதைக் கோடிப் பங்காகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு முட்டை கிடைக்கும். நாலே பங்காகப் பிரித்தால் ஒவ்வொரு பிள்ளையும் கட்டுச்சோற்றோடு புறப்படும். ஸ்மித், ஃப்ரெட்வெல் என்ற இருவர் 1974இல் இதைக் கணிதமாகவே போட்டுக் காட்டினார்கள். ஒரு பிள்ளைக்குக் கூடக் கொஞ்சம் கொடுத்தால் அது பிழைக்கும் வாய்ப்பு எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் முக்கியம். கொஞ்சம் பெரிதாக இருப்பதால் எந்தப் பயனும் இல்லாத இடத்தில் எண்ணிக்கை ஜெயிக்கும். திறந்த கடலில் மிதக்கும் முட்டையை விழுங்கும் வாய்க்கு அது ஒன்றரை மில்லிமீட்டரா இரண்டா என்பது பொருட்டே இல்லை.

செடிகளிலும் இதே கதைதான். ஆர்கிட் காய் ஒன்றில் தூசியைப் போல லட்சக்கணக்கான விதைகள் இருக்கும், உள்ளே சேமித்த உணவு என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. சீஷெல்ஸ் தீவுகளின் இரட்டைத் தேங்காயில் ஒரு விதையே 15 கிலோவுக்கு மேல் இருக்கும்.

என் வீட்டுத் தொட்டியில் கப்பி மீன்கள் இருக்கின்றன. குட்டி போடும் நாள் நெருங்கும்போது பெண்மீனின் வயிற்றுக்கடியில் ஒரு கரும்புள்ளி பெரிதாகிக்கொண்டே வரும். கடைசியில் தோலுக்குள் குட்டிகளின் கண்கள் கருப்பு ஊசிமுனைகளாகத் தெரியும். இதே மீனை வைத்துத்தான் டிரினிடாட் தீவின் ஓடைகளில் இந்த விஷயத்தை நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள். அருவிக்குக் கீழே வளர்ந்த கப்பிகளை வேட்டையாடும் பெரிய மீன்கள் உண்டு. அருவிக்கு மேலே அவற்றால் ஏற முடியாது. கீழே இருக்கும் கப்பிகள் சீக்கிரம் பருவமடைந்து, சிறிய குட்டிகளை நிறையப் போடும். நாளைக்கு இருப்போமா என்று தெரியாத வாழ்க்கை. மேலே இருப்பவை நிதானமாக வளர்ந்து, குறைவாகவும் பெரிதாகவும் போடும். ஜான் எண்ட்லர் 1976இல் கீழிருந்து கப்பிகளைப் பிடித்து, கப்பியே இல்லாத மேல்பகுதியில் விட்டார். டேவிட் ரெஸ்னிக்கும் அவரும் 11 ஆண்டு கழித்துப் பார்த்தபோது அந்த வம்சம் மாறியிருந்தது. தாமதமாகப் பருவமடைந்தன, குட்டிகள் எண்ணிக்கையில் குறைந்து அளவில் பெரிதாகியிருந்தன. ஆய்வகத்தில் ஒரே சூழலில் வளர்த்தபோதும் அந்த வித்தியாசம் தொடர்ந்தது. அதாவது மாறியது மரபணு. 11 வருடம் என்பது ஒரு பிள்ளை கிட்டத்தட்ட பள்ளிப் படிப்பு முழுவதையும் முடிக்கும் காலம். இதை முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மின்மினி எழுதியது:

இரண்டு பதிவுகளையும் இரண்டு முறை படித்தேன், மிக்க நன்றி. ஆனால் ஒரு சந்தேகம். லாக் சொன்னபடி என்றால் ஒவ்வொரு பறவையும் மிக அதிகமாகத் தேறும் எண்ணிக்கையைத்தான் இட வேண்டும். நிஜத்தில் அளந்து பார்த்தபோது அப்படித்தான் இருந்ததா?

குறிஞ்சி எழுதியது:

இல்லை, அப்படி இல்லை. விஷயம் சுவாரசியமாவதே இங்குதான். நான் முதுகலை படித்தபோது பறவைக் கூடுகளைக் கவனிக்கும் வேலை செய்தவள், அதனால் இதில் குறுக்கிடாமல் இருக்க முடியவில்லை.

ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தம் காட்டில் 1947 முதல் பட்டாணிக்குருவிகளுக்குப் பெட்டி வைத்து எண்ணி வருகிறார்கள். மார்க் பாய்ஸும் பெரின்ஸும் 1987இல் அந்தப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஒரு ஈட்டுக்கு, அதாவது ஒரு முறை இடுவதற்கு, சராசரி 8.53 முட்டை. ஆனால் பிழைத்த பிள்ளைகளை வைத்துப் பார்த்தால் 12 முட்டை வரை இடுவதுதான் லாபம்! குருவிகள் ஏன் மூன்று, நான்கு முட்டையைக் கைவிடுகின்றன?

அவர்கள் சொன்ன விடை ஒன்று உண்டு. எல்லா வருடமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. புழு கொழிக்கும் வருடத்தில் 12 முட்டைக்காரி கொடிகட்டிப் பறப்பாள். பஞ்ச வருடத்தில் அவள் கூட்டில் அனேகமாக எதுவுமே தேறாது. வம்சம் என்பது வருடா வருடம் கூட்டிக்கொண்டே போகும் கணக்கு இல்லை, பெருக்கிக்கொண்டே போகும் கணக்கு. நடுவில் ஒரு பூஜ்யம் வந்துவிட்டால் முன்னால் எத்தனை பெரிய எண் இருந்தும் பிரயோஜனம் இல்லை. அளவாக இடுபவள் நல்ல வருடத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறாள், கெட்ட வருடத்தில் தப்பிக்கிறாள்.

இன்னொரு விடை தாயின் உடம்பில் இருக்கிறது. ஜார்ஜ் வில்லியம்ஸ் 1966இல் இதை அழுத்திச் சொன்னார்: இந்த வருடக் குஞ்சுகளுக்காகத் தாய் தன்னை வருத்திக்கொண்டால், அடுத்த வருடக் குஞ்சுகள் பிறக்காமலே போகலாம். நெதர்லாந்தில் கெஸ்ட்ரல் என்ற சிறு வல்லூறுகளின் கூட்டில் இரண்டு குஞ்சுகளைக் கூடுதலாக வைத்தார்கள். பெற்றோர் மாடாய் உழைத்து அவற்றையும் வளர்த்தன. வெளியிலிருந்து பார்த்தால் லாக் கணக்குத் தப்பு, கூடுதலாக இட்டிருக்கலாமே என்று தோன்றும். குளிர்காலம் வந்தபோதுதான் விலை தெரிந்தது. அந்தப் பெற்றோர்களில் குளிர்காலம் முடியும் முன் இறந்துபோன விகிதம் மற்றவற்றைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு.

நான் பார்த்தது ஒரு சாதாரணச் சிட்டுக்குருவிக் கூடு. விடியலிலிருந்து உட்கார்ந்து, தாயும் தகப்பனும் எத்தனை முறை இரை கொண்டுவருகின்றன என்று கோடு போட்டு எண்ணுவேன். குஞ்சுகள் பெரிதானதும் மூன்று, நான்கு நிமிடத்துக்கு ஒரு நடை. உச்சிவேளையில் தாய் கூட்டுவாசலில் வாயைத் திறந்தபடி சில நொடி நிற்கும். இறக்கை இரண்டும் உடம்பைவிட்டு விலகித் தொங்கும். உள்ளிருந்து சத்தம் வந்ததும் மறுபடி பறக்கும். 'இனப்பெருக்கத்தின் விலை' என்று பாடத்தில் படித்த சொல்லுக்கு எனக்கு இன்றும் அந்த முகம்தான் நினைவுக்கு வரும்.

பரிதி எழுதியது:

சரி, என் முதல் பதிவை வாபஸ் வாங்குகிறேன். இனத்தின் நன்மை என்ற விளக்கத்தை இத்தனை வருடமும் யோசிக்காமலே நம்பியிருக்கிறேன்.

ஆனால் இதைச் சொல்லுங்கள். நாஸ்கா பூபி என்ற கடற்பறவை இரண்டு முட்டை இடும், ஆனால் வளர்ப்பது ஒன்றைத்தான். முதலில் பொரித்த குஞ்சு இரண்டாவதைக் கூட்டைவிட்டு வெளியே தள்ளிக் கொன்றுவிடுகிறது, தாய் பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஒன்றைத்தான் வளர்க்க முடியும் என்றால் ஒன்றை மட்டும் இடலாமே? இது கணக்கில் எப்படி வரும்?

உயிரியல் வாத்தியார் எழுதியது:

நல்ல கேள்வி. வாபஸ் வாங்கியதற்கும் என் மரியாதை.

அந்த இரண்டாவது முட்டை ஒரு காப்பீடு. முதல் முட்டை பொரிக்காமல் போகலாம், பொரித்த குஞ்சு முதல் சில நாளில் செத்துப்போகலாம். அப்போது கையில் இரண்டாவது இல்லையென்றால் அந்தப் பருவமே வீண். ஒரு முட்டை இடும் செலவோ ஒரு குஞ்சை மாதக்கணக்கில் வளர்க்கும் செலவோடு ஒப்பிட்டால் அற்பம். அதனால் இடுவது இரண்டு, வளர்ப்பது ஒன்று. மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, வகுப்பில் இதைச் சொல்லும்போது பின்வரிசை வரை அமைதியாகிவிடும்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. தாய்க்கு எல்லாப் பிள்ளையும் சமம், பிள்ளைக்கோ தான்தான் முதல். ராபர்ட் டிரிவர்ஸ் 1974இல் இதை விளக்கினார். கூட்டில் எத்தனை பேர் என்பது தாய் மட்டும் எடுக்கும் முடிவு கிடையாது, உள்ளே இருப்பவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

செங்காந்தள் எழுதியது:

நான் கால்நடை மருத்துவம் படித்தவள். பாலூட்டிகளைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று வந்தேன்.

இங்கே வரம்பு கண்ணுக்குத் தெரியும் இடத்திலேயே இருக்கிறது: காம்பு. கொறித்துண்ணிகளில் ஒரு ஈத்துக்குச் சராசரிக் குட்டிகள், காம்புகளின் எண்ணிக்கையில் பாதி என்று ஒரு பொது விதி உண்டு. மிஞ்சிப்போனால் காம்புக்கு ஒன்று. நாமும் இரண்டு மார்பு, பெரும்பாலும் ஒரு குழந்தை. வட அமெரிக்காவின் ஒப்போசம் என்ற பையுள்ள விலங்குக்கு வழக்கமாக 13 காம்பு. ஆனால் இருபதுக்கும் மேற்பட்ட குட்டிகள் பிறக்கலாம். ஒவ்வொன்றும் ஒரு தேனீ அளவுதான். கண் திறக்காத அந்தக் குட்டிகள் தாயின் ரோமத்தைப் பிடித்து ஏறிப் பைக்குள் போக வேண்டும். பதினான்காவதாக வந்து சேரும் குட்டிக்குக் காம்பு இருக்காது. பூபியின் காப்பீட்டு முட்டையைப் படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

விதியை மீறும் ஒரு விலங்கும் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் மண்ணுக்கடியில் கூட்டமாக வாழும், உடம்பில் ரோமமே இல்லாத வளை எலி. அதன் ராணிக்குச் சராசரியாகக் காம்புக்கு ஒரு குட்டி, சில ஈத்தில் இருபதைத் தாண்டிவிடும். ராணிக்கு வேறு வேலை கிடையாது. உணவு தேடுவது, காவல் காப்பது எல்லாம் கூட்டத்தின் பொறுப்பு. குட்டிகள் முறைவைத்துப் பால் குடிக்கின்றன. ஒரு தாய் தனியாகத் தூக்கும் பாரத்தைக் கூட்டம் பங்குபோட்டுக்கொண்டால் வரம்பு தள்ளிப்போகிறது.

கடலோடி எழுதியது:

செங்காந்தள், கூட்டமே இல்லாமல் தனியாக எல்லாப் பாரத்தையும் தூக்கும் ஒரு தாயைச் சொல்லட்டுமா? கலிபோர்னியாவின் மான்டெரே பள்ளத்தாக்கில், கடலுக்கடியில் 1,400 மீட்டர் ஆழத்தில், ஒரு பாறைமேல் முட்டைகளைக் காத்துக்கொண்டிருந்த ஒரு ஆக்டோபஸை 2007 மே மாதம் பார்த்தார்கள். அடுத்தடுத்து நீர்மூழ்கி இயந்திரம் போனபோதெல்லாம் அதே ஆக்டோபஸ், அதே பாறை. பக்கத்தில் நண்டு போனாலும் அது பிடித்துச் சாப்பிட்டு யாரும் பார்க்கவில்லை. உடம்பு வெளிறிச் சுருங்கிக்கொண்டே வந்தது. மொத்தம் 53 மாதம். அதற்குப் பிறகு போனபோது தாய் இல்லை, கிழிந்த முட்டைத் தோல்கள் மட்டும் பாறையில் ஒட்டியிருந்தன. வாழ்நாளில் ஒரே ஒரு ஈடு. அடுத்த பருவம் என்று ஒன்றே இல்லையென்றால் எதையும் மிச்சம் வைக்க அவசியமில்லை.

மின்மினி எழுதியது:

அந்த ஆக்டோபஸை இனி மறக்க மாட்டேன். இருந்தாலும் என் பல்லிக்கு வருகிறேன். அது ஊட்டுவதும் இல்லை, அடைகாப்பதும் இல்லை. காம்பும் இல்லை. முட்டையை ஒளித்துவைத்துவிட்டுப் போய்விடுகிறது. பிறகு ஏன் இரண்டு?

குறிஞ்சி எழுதியது:

சுவரில் ஏறும் உடம்புக்கு எடை ஆகாது என்பது ஒரு விளக்கம். நான்கு முட்டையைத் தூக்கிக்கொண்டு பூனையிடமிருந்து தப்ப முடியுமா?

உயிரியல் வாத்தியார் எழுதியது:

குறிஞ்சி, எடை ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பிவிடக் கூடாது என்று நினைக்கிறேன். சுவரேறாத, பாலைவன மணலில் ஓடும் பல்லி இனங்களும் இரண்டுக்கு மேல் இடுவதில்லை. மிகச் சிறிய இனங்கள் ஒன்றே ஒன்று இடும். அந்தக் குடும்பத்துக்கே இது பழைய மூதாதையிடமிருந்து வந்த உடல் அமைப்பு: இரண்டு சூலகம், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு முறைக்கு ஒரு முட்டை. ஒவ்வொரு இனமும் தன் வாழ்க்கைக்கேற்ப இந்த எண்ணைப் புதிதாகக் கணக்குப் போட்டு அடைந்தது என்று சொல்ல முடியாது.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு ஓணானை வைத்துப் பாருங்கள். கலிபோர்னியாவில் ஒரு சிறு ஓணான் வகைக்கு முட்டை எண்ணிக்கை மாறும். பாரி சினெர்வோ என்பவர் அதன் வயிற்றில் முட்டையாக வளர்ந்துவரும் சூல்களில் சிலவற்றை நீக்கினார். மிச்சமிருந்தவை தாயின் சத்தையெல்லாம் வாங்கிப் பெருத்தன. கொஞ்சம் பெரிதானால் குஞ்சுக்கு நல்லதுதான். ரொம்பப் பெருத்தபோது சில முட்டைகள் வெளியே வர முடியாமல் சிக்கிக்கொண்டன. ஆக, எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே போவதற்கும் ஒரு எல்லை இருக்கிறது, அது தாயின் இடுப்பெலும்பு வழியில் இருக்கிறது.

மின்மினி, உங்கள் கேள்விக்கு விடை உங்கள் முதல் பதிவிலேயே இருந்தது. 'கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் இரண்டு' என்று எழுதியிருந்தீர்களே. ஒரு முறைக்கு எத்தனை என்பதை அந்தப் பல்லியால் மாற்ற முடியாது. ஆனால் எத்தனை முறை என்பதை மாற்ற முடியும். பூச்சி கிடைக்கும் காலம் முழுக்க இரண்டு இரண்டாக இட்டுக்கொண்டே போகும். வேறு வேறு நாளில், வேறு வேறு இடுக்கில். ஒரு பொந்தை எறும்பு கண்டுபிடித்தாலும் மற்றது தப்பும்.

குறிஞ்சி எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். ஒரு ஈட்டை மட்டும் எண்ணிவிட்டு முடிவுக்கு வந்துவிட்டேன், வருடக் கணக்கை எடுத்திருக்க வேண்டும்.

மின்மினி எழுதியது:

இன்று காலை புத்தக அலமாரியை நகர்த்தினேன். பின்னால் சுவர் மூலையில் இரண்டு முட்டை ஓடுகள், ஒன்றோடொன்று ஒட்டி, விரலால் தொட்டதும் மாவாக உதிர்ந்தன. ஒரு சாண் தள்ளி இன்னும் இரண்டு, இவை உடையாமல் முழுசாக இருக்கின்றன. வெளிச்சத்தில் காட்டினால் உள்ளே இளஞ்சிவப்பாக ஏதோ தெரிகிறது. உயிர் இருக்கிறதா?

உயிரியல் வாத்தியார் எழுதியது:

இளஞ்சிவப்பு என்றால் இருக்கிறது. திருப்பாமல், இருந்த பக்கமே மேலே இருக்கும்படி, எடுத்த இடத்திலேயே வையுங்கள். அலமாரியைச் சுவரோடு ஒட்டித் தள்ள வேண்டாம், ஒரு விரல் இடைவெளி விடுங்கள்.